பதினாறு மதிப்பெண்ணும் ஒரு பென்சில் முனையும்

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். ஆக, 16 மதிப்பெண்கள் பென்சிலால் பெற வேண்டியவை. வரைமுறையின் படிகளை மாதக்கணக்கில் பயிற்சி தருகிறோம். எந்தப் பென்சிலால் வரைவது என்பதை மட்டும் மாணவர்களின் போக்கிலேயே விட்டுவிடுகிறோம். அதையும் கற்றுத் தர வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு.

அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு 1 மி.மீ. மழுங்கிய மரப் பென்சில் போடும் கோட்டின் தடிமனும் ஏறத்தாழ 1 மி.மீ. வரை வந்துவிடும். அளவுகோலின் ஒரு பிரிவைக் கோடே விழுங்கிவிடுகிறது. அத்தகைய இரு கோடுகள் 60° கோணத்தில் வெட்டிக்கொண்டால் அங்கே கிடைப்பது புள்ளி அன்று, 2 மி.மீ. நீளமுள்ள ஒரு சாய்சதுரம். கோணம் 30° ஆனால் அந்த நீளம் ஏறக்குறைய 4 மி.மீ. கவராயத்தின் முள்ளை அதில் எந்த இடத்தில் ஊன்றுவது? படிகள் எல்லாம் சரியாக இருந்தும் விடை 2 அல்லது 3 மி.மீ. தள்ளிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோட்டின் தடிமனைப் பாதியாக்கினால் சாய்சதுரத்தின் நீளமும் பாதியாகிவிடும்.

நன்றாகச் சீவிய மரப் பென்சிலும் மெல்லிய கோடு தரும். ஆனால் நான்கைந்து கோடுகளில் மழுங்கிவிடும். மைக்ரோடிப் பென்சிலில் முதல் கோடும் கடைசிக் கோடும் ஏறத்தாழ ஒரே தடிமனில் இருக்கும். அதன் உண்மையான பயன் இதுதான். வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் நான்கு செய்திகளைப் பார்க்க வேண்டும்.

லெட்டின் அளவு: கடைகளில் 0.5, 0.7, 0.9 மி.மீ. அளவுகள் கிடைக்கின்றன. 0.3 மி.மீ. லெட் மிக மெல்லியது. அழுத்தி வரையும் மாணவர் கையில் நொடிக்கொரு முறை ஒடியும். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் 0.5 பொருத்தம். குறிப்பெழுத, பாடத்திட்டத்தில் அடிக்கோடிட, அன்றாடம் எழுத 0.7 நல்லது, எளிதில் ஒடியாது. 0.5 பென்சிலுக்குள் 0.7 லெட் நுழையாது. 0.7 பென்சிலில் 0.5 லெட்டைப் போட்டால் பிடிப்பில்லாமல் நழுவும். லெட் டப்பாவில் அச்சிட்ட எண்ணைப் படித்து வாங்கப் பழக்க வேண்டும்.

முனை: வரைவதற்கான பென்சிலில் முனைக்குழல் நேராகவும் நீளமாகவும் இருக்கும், பெரும்பாலும் 4 மி.மீ. இதனால் குழல் அளவுகோலின் விளிம்பை ஒட்டிச் செல்லும்; லெட் எங்கே படுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். முனை முழுவதும் கூம்பாக இருந்தால் அந்தக் கூம்பு விளிம்பில் இடித்துக் கோடு விலகும். அதே சமயம் நீளக்குழல் பென்சில் சிமென்ட் தரையில் தலைகீழாக விழுந்தால் குழல் வளைந்துவிடும். சட்டைப் பையில் வைத்தால் குத்தும். எழுதுவதற்கு மட்டும் என்றால் குட்டையான முனையோ, குழல் உள்ளே இழுத்துக்கொள்ளும் வகையோ போதும்.

பிடிமானம்: கடையிலேயே சோதிக்கலாம். லெட்டைச் சிறிது வெளியே தள்ளித் தாளில் மெல்ல அழுத்துங்கள். லெட் உள்ளே போகக் கூடாது. முனையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது வரைவதற்கு ஆகாது. பின்பு நான்கைந்து முறை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு லெட் வெளிவர வேண்டும்.

லெட்டின் தரம்: எச் என்பது கடினம், பி என்பது கருமை. எச்பி இரண்டுக்கும் நடுவில் உள்ளது. வகுப்பறைக்கு அதுவே போதும். துணைக்கோடுகளையும் விற்களையும் மெல்லியதாகப் போட எச் உதவும். 2பி நல்ல கறுப்பாக விழும். ஆனால் கை பட்டால் தாளெங்கும் ஈஷிக்கொள்ளும்.

விலை உயர்ந்த பென்சில்களில் சில தனி வசதிகள் உண்டு. ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட குரு டோகா, தாளிலிருந்து முனையை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் லெட்டைச் சற்றே சுழற்றிவிடும். எழுதும்போது லெட் ஒரே பக்கமாகத் தேயாது. ஆனால் அளவுகோல் வைத்து இழுக்கும் நீளக்கோட்டில் முனையை எடுப்பதே இல்லை. அங்கே இந்த வசதியால் பயனில்லை. கோடு போடும்போதே பென்சிலை விரல்களால் மெல்ல உருட்டும் பழக்கம் செலவில்லாமல் அதே பலனைத் தரும்.

மரப் பென்சிலை முற்றிலும் ஒதுக்கவும் முடியாது. கணித உபகரணப் பெட்டியில் உள்ள கவராயத்தில் மைக்ரோடிப் பென்சில் பெரும்பாலும் பொருந்தாது. அதற்குச் சிறிய மரப் பென்சிலையே கூராகச் சீவிப் பொருத்த வேண்டும். தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கும் மரப் பென்சிலே ஏற்றது. அவர்கள் அழுத்தி எழுதுவார்கள். லெட் ஒடிந்துகொண்டே இருந்தால் கவனம் எழுத்தில் நிற்காது. எட்டாம் வகுப்பிலிருந்து மைக்ரோடிப்பை அறிமுகப்படுத்தலாம்.

எல்லா மாணவரும் வாங்க வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது. வாங்க இயலாத மாணவர், நான்கு கோட்டுக்கு ஒரு முறை சீவினால் அதே துல்லியத்தை எட்டலாம். ஷார்ப்னரை மேசை மேல் வைத்துக்கொண்டு வரைய அனுமதித்தாலே போதும். வகுப்பறையில் பொதுவாக ஐந்தாறு மைக்ரோடிப் பென்சில்களை வைத்து, வடிவியல் பாடவேளையில் மட்டும் கொடுத்து வாங்கலாம்.

இதை மாணவர்கள் தாங்களே உணர ஒரு செயல்பாடு. 10 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தை மழுங்கிய பென்சிலால் ஒரு முறையும், கூரான முனைகளால் ஒரு முறையும் வரையச் சொல்லுங்கள். இரண்டிலும் குத்துயரத்தை அளக்கட்டும். கணக்குப்படி அது 5√3, அதாவது ஏறத்தாழ 8.7 செ.மீ. வகுப்பில் உள்ள அனைவரின் அளவுகளையும் கரும்பலகையில் இரண்டு வரிசைகளாக எழுதுங்கள். எந்த வரிசை 8.7ஐ ஒட்டி நிற்கிறது என்பதை மாணவர்களே கண்டு சொல்வார்கள்.