அங்கத்தினர் ஏட்டில் ஆளைத் தேடும் பெட்டி

சிதம்பரம் வட்டாரத்தில் ஏதேனும் ஒரு சங்கத்தின் அங்கத்தினர் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். நடராசன்கள் பலர் இருப்பர். சிவகாமிகளும் பலர் இருப்பர். கூத்தப்பிரான் குடிகொண்ட ஊரைச் சூழ்ந்த பகுதியில் இது இயல்பே. ஆயினும், சம்பா அறுவடை முடிந்து தவணை கட்ட வருபவர் எந்த நடராசன் என்று அறிவது குமாஸ்தாவின் கடமை. ஒருவர் கட்டிய தொகை மற்றொருவர் கணக்கில் ஏறிவிட்டால், கட்டியவரே தவணை தவறியவர் ஆகிவிடுவார்.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களின் நெசவாளர் சங்கங்களுக்கு உரிய திட்டம் அன்று அது. நூல், கூலி, பங்குத்தொகை ஆகிய கணக்குகளை மேசைக் கணினியில் தாமே எழுதிவைக்க விரும்பும் சங்கத்தார்க்கு, 1992-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஏற்ற கருவி. அதன் படிவம் ஒரு சமயத்தில் ஓர் அங்கத்தினரையே காட்டும். முந்நூறாவது அங்கத்தினரைக் காண அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போவது வீண் வேலை. படிவத்தின் தலைப்பில் 'காம்போ பாக்ஸ்' என்னும் தேடுபெட்டியை வைத்துவிட்டால், பட்டியல் கீழே விரியும்; பெயரைத் தொட்டதும் அவர் கணக்கு முன்னே வந்து நிற்கும்.

பெட்டியை வைக்கும்பொழுது ஆக்சஸ் மூன்று வழிகளை முன்வைக்கும். தேர்ந்தெடுத்த மதிப்பைக் கொண்டு படிவத்தில் பதிவைத் தேடும் மூன்றாவது வழியே நமக்கு வேண்டியது. படிவம் ஓர் அட்டவணையோடு இணைந்திராவிடில் அவ்வழி கண்ணிற்படாது. வேறு வழியைக் கொண்டு பெட்டியைப் பெயர்ப் புலத்தோடு கட்டிவிட்டாலோ கேடு விளையும். தேட எண்ணிப் பெயரைத் தொட்டால், திரையில் இருப்பவர் பெயர் அழிந்து, தொட்ட பெயர் அவ்விடத்தில் ஏறிவிடும். அடுத்த பதிவுக்குச் சென்றதும் ஆக்சஸ் ஒரு சொல்லும் கேளாமல் அதைச் சேமித்தும்விடும். காகிதப் பேரேட்டிலாவது அடித்தெழுதிய தடம் எஞ்சும். இங்கே அதுவும் இராது.

தேடுவது பெயரைக் கொண்டன்று, அங்கத்தினர் எண்ணைக் கொண்டே நிகழவேண்டும். எண்ணைப் பட்டியலின் முதற்பத்தியாக வைத்து மறைத்துவிடலாம். மறைந்திருந்தும் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் 'நடராசன்' என்று தட்டெழுதி என்டர் விசையை அழுத்தினால் முதல் நடராசனே வருவார். ஆகவே கண்ணுக்குத் தெரியும் பத்தியில் பெயர், ஊர், எண் மூன்றையும் சேர்த்து, 'நடராசன், புவனகிரி, 214' என்று அமைப்பது நலம். நம்மவர் வழக்கப்படி தலைப்பெழுத்தை முன்னே வைத்தால் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு தேட இயலாது. அதைப் பெயருக்குப் பின்னே தள்ளுங்கள். பட்டியலைப் பெயர் வரிசைப்படுத்தவும் மறவாதீர்.

இன்னுமொரு குறை உண்டு. அம்புக்குறியால் அடுத்த பதிவுக்கு நகர்ந்தால் பெட்டியில் பழைய பெயரே நிற்கும். மேலே புவனகிரி நடராசன். கீழே வேறொருவர் கணக்கு! படிவத்தின் 'ஆன் கரண்ட்' நிகழ்வில், திரையில் உள்ளவரின் எண்ணைப் பெட்டிக்கு ஏற்றுமாறு ஒரு வரி எழுதினால் இக்குழப்பம் தீரும்.

இவ்வளவையும் முதலில் ஏட்டின் நகலொன்றில் செய்து பாருங்கள். ஒரே பெயருடைய இருவரை மாற்றி மாற்றி அழைத்து, இருவர் பங்குத்தொகையும் உரியவாறு வருகின்றதா என்று காகிதப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தபின் மூல ஏட்டில் கை வையுங்கள்.