பத்தில் ஒரு நொடியைப் பிடிக்கும் முள்

1960 செப்டம்பர் 6, ரோம் ஒலிம்பிக். 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மில்கா சிங் 45.6 நொடியில் எல்லையைத் தொட்டார். வெண்கலம் வென்ற தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸுக்கு 45.5. இவை கையால் இயக்கிய ஸ்டாப்வாட்சுகள் சொன்ன கணக்கு. வெறும் பல்சக்கரங்களும் சுருள்வில்லும் பத்தில் ஒரு நொடியை எப்படிப் பிடித்தன?

சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தின் உயிர் பேலன்ஸ் வீல். மயிரிழைச் சுருள் ஒன்று இழுக்க இழுக்க அது இடமும் வலமுமாக ஆடும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு டிக்; ஒரு டிக்குக்கு முள் ஓர் எட்டு. மணிக்கு 18,000 டிக் என்றால் நொடிக்கு 5. அப்படிப்பட்ட கடிகாரத்தில் 45.5 என்ற கணக்கே வராது, 45.4-ஐ விட்டால் 45.6தான். ஸ்பென்ஸையும் மில்காவையும் பிரித்துக் காட்ட மணிக்கு 36,000 டிக் வேண்டும். ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரமான குரோனோகிராஃபில் அந்த வேகத்தை 1969-இல் ஸெனித் நிறுவனத்தின் 'எல் பிரைமரோ' கொண்டுவந்தது. வேகம் கூடினால் உராய்வும் கூடும். அதனால் இன்றைய குரோனோகிராஃப்களில் பல 28,800 டிக்கோடு, அதாவது நொடிக்கு 8-ஓடு நின்றுகொள்கின்றன.

இந்தக் கருவியை வளர்த்தெடுத்ததில் பந்தயத்துக்குப் பங்குண்டு. 1821-இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக்கின் கருவி ஒவ்வொரு குதிரையும் எல்லையைத் தாண்டும்போது முகப்பில் மைப்புள்ளி வைத்தது. ஆனால் முள்ளை ஒரே அழுத்தில் பூஜ்யத்துக்குத் திருப்ப வழியில்லை. அந்த வழியைத் தந்தவர் அடால்ஃப் நிக்கோல். 1844-இல் காப்புரிமை பெற்றார். முள்ளின் அச்சில் இதய வடிவத் தகடு ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்தியதும் சிறு சுத்தியல் அதன் விளிம்பில் விழும். தகடு எந்தக் கோணத்தில் இருந்தாலும் சுத்தியல் அதை வழுக்கித் திருப்பி, இதயத்தின் பள்ளத்தில் வந்து அமரும். அந்த இடம்தான் பூஜ்யம். மின்சாரமே தொடாத, இவ்வளவு அழகான கணக்குத் தீர்வை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் வட்டத்துக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. டைட்டன் நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய வீரசந்திராவில். அதன் கடிகார ஆலை அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் வரும் ஓசூரில். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களால் வளர்ந்த இதே நிறுவனம், 1737-இல் வேர்விட்ட சுவிஸ் நிறுவனமான ஃபாவ்ர்-லூபாவை 2011-இல் வாங்கியது. 1865 முதல் இந்தியாவில் விற்ற பெயர் அது. மலையேறிகளுக்காக 1962-இல் உயரமானி பொருத்திய 'பிவாக்' கைக்கடிகாரத்தைச் செய்ததும் அவர்கள்தான். பின்னர் ஃபாவ்ர்-லூபா எத்தோஸ் குழுமத்தின் கைக்கு மாறியது. அதன் பழைய 'ஸீ ஸ்கை' குரோனோகிராஃப் 2024-இல் புத்துருவம் பெற்றது.

பழைய முகப்பைப் பார்த்து மயங்குவதில் தவறில்லை. ஆனால் விலை கேட்கும் முன் மணிக்கு எத்தனை டிக் என்று கேளுங்கள். பல குரோனோகிராஃப்களின் விளிம்பில் டாக்கிமீட்டர் எண்களும் இருக்கும். ஓசூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது ஒரு கிலோமீட்டர் கல்லில் முள்ளை ஓடவிட்டு, அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 நொடி ஆகியிருந்தால் முள் 80-ஐக் காட்டும். அதுதான் பஸ்ஸின் வேகம்.