மூன்லைட் சாலை நாய்கள்
கூண்டுக்கு அப்பால் – 9

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சர்ரி கவுன்ட்டியின் மூன்லைட் சாலையில் இருந்த ஒரு வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. தேடிப் போனது போதைப்பொருளை. கண்ணில் பட்டதோ வீட்டுக்குப் பின்னால், மரங்களின் மறைவில், கறுப்பு வண்ணம் பூசிய கொட்டகைகளும் கனத்த சங்கிலியில் கிடந்த பிட் புல் நாய்களும். மொத்தம் 66 நாய்கள் பிடிபட்டன. வீட்டுக்காரர் மைக்கேல் விக், அமெரிக்கக் கால்பந்தின் அன்றைய பெரிய நட்சத்திரம். நாய்ச்சண்டைக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு டிசம்பரில் 23 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அவரைப் பற்றிப் பலரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நாம் நாய்களின் பின்னால் போவோம்.

அதுவரை நடைமுறை எளிமையானது. சண்டை நாய் ஒரு சாட்சிப்பொருள்; வழக்கு முடிந்ததும் ஊசி போட்டுவிடுவார்கள். இந்த நாய்களையும் கொன்றுவிடுவதே மேல் என்று சொன்னவர்களில் பீட்டாவும் ஹ்யூமேன் சொசைட்டியும் அடக்கம். விலங்குகளுக்காகப் பேசும் அமைப்புகளே இப்படிச் சொன்னபோது வேறு யார் பரிந்து பேசுவார்கள்?

ஆனால் இந்த முறை ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். குழந்தை அளவுள்ள பொம்மையைப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். தின்னும்போது செயற்கைக் கையால் தட்டை இழுத்தார்கள். இன்னொரு நாயைக் காட்டினார்கள். பாய்ந்து குதறும் என்று எதிர்பார்த்த பல நாய்கள் நடுங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டன. சோதித்த 49 பிட் புல்களில் மனிதர்மீது காட்டிய மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. இன்னொன்றை நோயின் காரணமாகக் கருணைக்கொலை செய்தார்கள். மீதி 47 நாய்கள் எங்கே போவது என்பதைக் கவனிக்க, ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் நியமித்தது. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துக்கும், 10 நாய்கள் கலிஃபோர்னியாவின் பேட் ராப் அமைப்புக்கும், மற்றவை வேறு சில அமைப்புகளுக்கும் போய்ச்சேர்ந்தன.

இனிமேல்தான் கடினமான வேலை. தத்துக் கொடுப்பதற்கு முன் ஃபாஸ்டர் வீடு, அதாவது தற்காலிகமாக வைத்து வளர்ப்பவர்கள். வீட்டுக்குள் வாழ்ந்தே பழகாத நாய்க்கு மாடிப்படி பயம், வழுக்கும் தரை பயம், டிவி சத்தம் பயம். அதைக் கொஞ்சிக் குலாவிச் சரிசெய்ய முடியாது. தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் நடை, ஒதுங்கிக்கொள்ள ஒரு கூண்டு. வீட்டில் வேறு நாய் இருந்தால் ஆள் பார்வை இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடக்கூடாது. சலிப்பூட்டும் வேலை. ஆனால் அந்தச் சலிப்புத்தான் மருந்து: அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த நாய்க்குப் பயம் குறைகிறது. பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் நாய்கள் நன்னடத்தைத் தேர்வில் தேறி, எடுப்பவர் வீட்டில் ஆறு மாதம் ஃபாஸ்டராக இருந்த பிறகே தத்து உறுதியானது.

இந்த நாய்களில், சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஜானி ஜஸ்டிஸ், புத்தகம் வாசிக்கப் பழகும் சிறுவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து கேட்கும் நாயானது. லியோ புற்றுநோயாளிகளைப் பார்க்கப் போனது. இந்த இரண்டையும் மட்டும் சொன்னால் பொய் சொன்னவனாவேன். பயம் கடைசிவரை விடாத நாய்களும் உண்டு. சண்டைகளில் வென்ற லூகாஸ் சரணாலயத்தை விட்டு வெளியே போகவே கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. அங்கேயே செல்லமாக வாழ்ந்து முடிந்தது. அன்பு காட்டினால் போதும் என்பவர்களிடம் நான் பிட் புல்லைக் கொடுக்க மாட்டேன். கட்டுப்பாடும் நேரமும் இருப்பவர்கள் கேட்கட்டும்.

செலவு? நாய்களின் பராமரிப்புக்காக விக் கட்ட வேண்டியிருந்தது சுமார் 9,28,000 டாலர். பெரும்பாலான மீட்பு அமைப்புகளுக்கு இப்படிப்பட்ட பணம் கனவிலும் கிடைக்காது.

2009-ல் ஹ்யூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றிக்கொண்டது: சண்டையிலிருந்து மீட்ட நாய்களை மொத்தமாகக் கொல்லாமல், ஒவ்வொன்றையும் தனியே சோதித்தே முடிவெடுக்க வேண்டும்.

(தொடரும்)