நிலவறையில் ஒரு மலை ரயில்

அமெரிக்க வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலை அங்கேதான் இருக்கும். மிச்ச இடத்தில் பழைய சாமான்களைப் போட்டு வைப்பார்கள். சிலரோ அங்கே ஒரு ரயில் பாதையையே நிர்மாணித்து விடுகிறார்கள்! குழந்தை விளையாட்டு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். 1935-ஆம் ஆண்டிலேயே மில்வாக்கி நகரில் இவர்களுக்கென ஒரு தேசிய சங்கம் தோன்றிவிட்டது.

இவர்களில் ஒரு சாராருக்குக் குறுகிய பாதைகளிடத்தில் தனி மோகம். கொலராடோ மலைகளில் தண்டவாளங்களுக்கு இடையே 3 அடியே அகலம். நமது நீலகிரி ரயிலின் மீட்டர் பாதையைவிடக் குறுகியது. மலைச்சரிவில் நெருங்கி வளைந்து செல்ல அதுவே வசதி, செலவும் குறைவு. அவற்றுள் ஒன்று ரியோ கிராண்ட் சதர்ன். 1891-ல் முடிந்த அதன் நீளம் 162 மைல். 1893-ல் வெள்ளி விலை வீழ்ந்தது. சுரங்கங்களை நம்பியிருந்த ரயிலும் நொடித்தது. 1931 முதல் பழைய மோட்டார் வண்டிகளுக்கு ரயில் சக்கரம் பூட்டித் தபாலும் பிரயாணிகளும் கொண்டு சென்று உயிரைப் பிடித்துக் கொண்டிருந்தது. 1950-களின் தொடக்கத்தில் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன.

மறைந்த அந்த ரயிலை 24 அடிக்கு 16 அடி நிலவறைக்குள் எப்படிக் கொண்டு வருவது? 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 162 மைல் ஏறக்குறைய இரண்டு மைலாகும். நான்கு சுவர்களையும் சுற்றி வந்தாலோ 80 அடிதான்! ஆகவே எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதே முதல் வேலை. ரிட்ஜ்வே நிலையம், ஓபிர் மரப்பாலம், ஒரு சுரங்கம்: இவ்வளவே போதும் என்று மனத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

ஜான் ஆம்ஸ்ட்ராங் என்பவர் 1963-ல் வெளியிட்ட நூல் இத்துறையில் பெயர் பெற்றது. மாற்ற முடியாதவை ஒரு பட்டியல், விரும்புகிறவை மற்றொரு பட்டியல் என எழுதிக்கொள்வது அவர் காட்டிய வழி. மாடிப்படி, தூண், உலை ஆகியவை முதற் பட்டியலைச் சேர்ந்தவை. சுவரில் ஈரம் கசிந்தால் அதைத் தடுத்த பிறகே பலகை அடிக்கலாம். மேடையின் அகலம் கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டலாகாது. தாண்டினால், கவிழ்ந்த வண்டியை யார் எடுப்பது?

இனிக் கணக்கு. 24 அங்குல ஆரமுள்ள வளைவில் ரயில் திரும்பி வர 4 அடிக்கு மேல் அகலம் வேண்டும். கொலராடோ மலைப் பாதைகளில் 100 அடிக்கு 4 அடி ஏற்றம் உண்டு. அதே விகிதத்தில் ஒரு பாதை இன்னொன்றின் மேலே செல்ல 4 அங்குலம் ஏற வேண்டுமானால், 8 அடி 4 அங்குல நீளம் தேவை. காகிதத்தில் இதைப் போட்டுப் பாராதவன் மரத்தில் அறுத்துப் பார்த்து வருந்துவான்.

இடம் இருக்கிறதே என்று தண்டவாளத்தை நிரப்பும் ஆசைதான் பெரிய சத்துரு. எஞ்சின் அடுத்த நிலையத்தில் நுழையும்போது கடைசி வண்டி முந்தைய நிலையத்தைவிட்டு நகராதிருந்தால், அங்கே மலை ஏது, பிரயாணம் ஏது? இரு நிலையங்களுக்கு நடுவே ஆளில்லாத பாறையும் ஊசியிலைக் காடும் இருக்க வேண்டும். அந்த ரயிலின் உயிர் அந்தத் தனிமையில்தான் இருந்தது. வெற்றிடத்துக்கும் திட்டத்தில் இடம் ஒதுக்குகிறவனே அதை மீட்டுத் தருகிறான்.