பதினாறு கோர் யாருக்கு வேண்டும்?

வாங்குமுன் ஒரு கணக்கு – 9

சென்ற வாரம் ரேம் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் ப்ராசஸர். கணினி வாங்கப் போகிறவர்கள் அதிகம் குழம்புவதும், தேவைக்கு மேல் அதிகம் செலவழிப்பதும் இந்த இடத்தில்தான். பொத்தாம்பொதுவாகப் பேசினால் விஷயம் பிடிபடாது என்பதால் ஒரு ஊரையும் ஒரு தொழிலையும் முன்னால் வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வருவது ஓரிக்கை. தறிக்காரர்கள் வாழும் ஊர். பட்டுச் சேலையின் முந்தி, பார்டர், புட்டா எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாளில் கையால்தான் டிசைன் போட்டார்கள். இப்போது அந்த வேலை பெரும்பாலும் கணினிக்குப் போய்விட்டது. திரையில் போட்ட டிசைன் ஜக்கார்டு பெட்டிக்கான அட்டையாகக் குத்தப்படுகிறது, அல்லது எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு ஃபைலாகவே போய்ச் சேர்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் ‘இருப்பதிலேயே நல்லதாக’ ஒரு மெஷின் வாங்கலாம் என்று கிளம்பினால் அவர் முன் வந்து நிற்கும் போட்டி ஏஎம்டியின் ரைசன் 9 9950எக்ஸுக்கும் இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கேவுக்கும் இடையில். இந்த வேலைக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொழில் வேறாக இருந்தால் அதே வழியில் போய் வேறு முடிவுக்கு வரலாம்.

இரண்டும் 2024-ல் வெளிவந்தவை, ரைசன் ஆகஸ்டில், கோர் அல்ட்ரா அக்டோபரில். ரைசனில் ஒரே தரத்திலான 16 கோர்கள், 32 த்ரெட். இன்டெலில் 8 பெரிய கோர், 16 சிறிய கோர், ஆக 24. அதிகபட்ச வேகம் இரண்டிலும் 5.7 கிகாஹெர்ட்ஸ். வெளிவந்தபோது ரைசனின் விலை 649 டாலர், இன்டெலின் விலை 589 டாலர். இவற்றை ஒப்பிடும் எந்தக் கட்டுரையிலும் வீடியோவிலும் முதலில் காட்டப்படுவது சினிபெஞ்ச் மதிப்பெண். அது மாக்சன் என்ற நிறுவனத்தின் சோதனை. சினிமா 4டி என்ற முப்பரிமாண மென்பொருளைச் செய்பவர்கள் அவர்கள். ஒரு காட்சியைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு கோரிடமும் ஒரு துண்டைக் கொடுத்து ரெண்டர் செய்யச் சொல்வதுதான் சோதனை. ஒரு துண்டு முடிய இன்னொரு துண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் கோர் கூடக்கூட மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே போகும். சோதனையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது அளப்பது அனிமேஷன் ஸ்டுடியோவின் வேலையை. சேலை டிசைன் போடுகிறவர் தன் வேலையை அந்த எண்ணில் தேடினால் கிடைக்காது.

வேலைகளில் பிரித்துக் கொடுக்கக்கூடியவையும் உண்டு, கூடாதவையும் உண்டு. கோர்வைச் சேலை நெய்யும்போது நெசவாளருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்டர் ஊடைக்குக் கை கொடுப்பார். அதற்குமேல் அந்தத் தறியில் பதினாறு பேரை உட்காரவைத்தாலும் ஓர் ஊடைக்குப் பிறகுதான் அடுத்த ஊடை விழும். பதினாறு தறி போட்டால் பதினாறு சேலை வரும்; ஒரே சேலை பதினாறில் ஒரு பங்கு நாளில் வந்துவிடாது. ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967-லேயே இதைக் கணக்காகச் சொல்லிவிட்டார். ஒரு கோரில் 60 நிமிடம் பிடிக்கும் வேலையில் பாதியைத்தான் பிரிக்க முடியும் என்றால், 6 கோர் உள்ள ப்ராசஸர் அதை 35 நிமிடத்தில் முடிக்கும். 16 கோர் உள்ளது ஏறக்குறைய 32 நிமிடம் எடுத்துக்கொள்ளும். பத்து கோருக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். அதே வேலையில் நூற்றுக்கு 95 பங்கைப் பிரிக்கலாம் என்றால் கதை மாறும்: 6 கோருக்குப் பன்னிரண்டரை நிமிடம், 16 கோருக்கு ஆறரை நிமிடம். ஆக, எந்த ப்ராசஸர் நல்லது என்பதற்கு முன்னால், என் வேலையில் எத்தனை பங்கு பிரியும் என்பதற்கு விடை வேண்டும்.

டிசைன் வேலையின் அளவைப் பார்ப்போம். 480 கொக்கி உள்ள ஜக்கார்டு, முந்திக்கு 4,000 ஊடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 19,20,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நூல் ஏற வேண்டுமா, கூடாதா என்ற ஒரே தகவல் போதும். அப்படிச் சேமித்தால் 240 கிலோபைட். திரையில் நிறம் காட்டுவதற்காகக் கட்டத்துக்கு ஒரு பைட் கொடுத்தாலும் 2 மெகாபைட்டைத் தொடாது. 285கேவின் ஒவ்வொரு பெரிய கோருக்கும் சொந்தமாக 3 மெகாபைட் கேஷ் நினைவகம் இருக்கிறது. முந்தி முழுவதும் ஒரே ஒரு கோரின் பக்கத்திலேயே அடங்கிவிடும். மீதி 23 கோருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. டிசைன் வேலையில் நேரம் எங்கே போகிறது? மயில் கழுத்தின் வளைவைக் கட்டம் கட்டமாகத் திருத்துவதில். ஜரிகை பின்பக்கம் நீளமாகத் தொங்கிவிடாமல் இடையிடையே கட்டுப் புள்ளி வைப்பதில். பார்டரும் முந்தியும் சேரும் மூலையில் உருவம் உடையாமல் பார்த்துக்கொள்வதில். இவை கண்ணும் அனுபவமும் செய்கிற வேலைகள். கை மவுஸை நகர்த்தி அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் ப்ராசஸர் தன் பங்கை முடித்துவிட்டுக் காத்திருக்கிறது.

பழைய சேலையை ஸ்கேன் செய்து டிசைன் எடுக்கும்போது பளு கூடும் என்பது உண்மை. ஏ4 அளவு, அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் சுமார் மூன்றரைக் கோடி புள்ளிகள், நூறு மெகாபைட்டுக்கு மேல். அதை ஃபோட்டோஷாப்பில் பத்து லேயராக வைத்தால் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். அப்போது இழுபறி வந்தால் காரணம் பெரும்பாலும் ரேமும் எஸ்எஸ்டியும்தான். ஃபோட்டோஷாப்பின் பெரும்பாலான வேலைகள் எல்லாக் கோர்களையும் நிரப்புவதில்லை. ஒற்றைக் கோரின் வேகத்தையே நம்பியிருக்கின்றன. அந்த ஒற்றைக் கோர் வேகத்தில் 649 டாலர் 9950எக்ஸுக்கும் 279 டாலருக்கு வந்த ரைசன் 5 9600எக்ஸுக்கும் எவ்வளவு தூரம்? 5.7, 5.4. இரண்டிலும் ஒரே ஜென் 5 கோர். நூற்றுக்கு ஐந்தாறு பங்கு வித்தியாசத்துக்காக இரண்டு மடங்குக்கும் மேல் விலை. அந்தப் பணத்தில் நிறம் பிசகாமல் காட்டும் நல்ல மானிட்டர் வாங்கலாம். அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாத திரையில் வேலை செய்கிறவருக்குப் பதினாறு கோர் எந்த விதத்திலும் உதவாது.

சோதனை எண்களை நம்புவதில் இன்னொரு சிக்கல், அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது. 2018 அக்டோபரில் இன்டெல் பணம் கொடுத்து ஒரு நிறுவனத்தைக் கொண்டு தன் கோர் ஐ9 9900கேவை ரைசன் 7 2700எக்ஸோடு ஒப்பிடவைத்தது. ரைசனில் ‘கேம் மோட்’ போட்டுச் சோதித்ததால் அதன் எட்டுக் கோரில் நான்கு அணைந்து கிடந்தன. விமர்சகர்கள் பிடித்துக்காட்டிய பிறகு மறுபடி சோதித்தார்கள், இடைவெளி குறைந்தது. 2024-ல் ஏஎம்டி தன் புது ரைசன்களின் விளையாட்டு வேகம் பற்றிச் சொன்ன எண்கள் பல விமர்சகர்களின் கையில் வரவில்லை. தாங்கள் சோதித்த விண்டோஸ் அமைப்பு வேறு என்று நிறுவனம் பிறகு விளக்கம் கொடுத்தது. இரு தரப்பையும் சொல்வதற்குக் காரணம், இதில் நல்லவர் கெட்டவர் என்று கட்சி சேர்ந்துகொள்வதால் வாங்குகிறவருக்கு எந்த லாபமும் இல்லை. விற்கிறவர் காட்டும் எண்ணை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் நாள் விமர்சனத்தில் தெரியாதது ஒன்றும் இருக்கிறது, ப்ராசஸர் நீடித்து உழைக்குமா என்பது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக ப்ராசஸர்கள் வெளிவந்தபோது பட்டியல்களில் மேலேயே இருந்தன. அவற்றில் பல தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலைந்தன. 2024 ஜூலையில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டது; பிறகு பயாஸ் வழியாகத் திருத்தமும் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. வேகத்தில் கடைசிச் சொட்டையும் பிழிந்தெடுத்த மாடல்களில்தான் இந்தப் பிரச்சினை அதிகம் பேசப்பட்டது. விலை குறைத்துத் தருகிறார்கள் என்று 14900கே வாங்குகிறவர்கள் பயாஸைப் புதுப்பித்த பிறகே அதில் வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி மறுப்புகள். ‘டிசைனோடு வீடியோவும் எடிட் செய்கிறோம், கடைக்கு விளம்பரப் படம் போடுகிறோம்’ என்பவர்களுக்குப் பெரிய ப்ராசஸர் தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் கோர் எண்ணிக்கை பாதிக் கதைதான். இப்போதைய நல்ல கேமராக்கள் பலவும் 10 பிட், 4:2:2 வகை எச்.265 ஃபைலாகப் பதிவு செய்கின்றன. கோர் அல்ட்ராவோடு சேர்ந்து வரும் கிராஃபிக்ஸ் பகுதி அதை வன்பொருளிலேயே பிரித்துப் படிக்கும். ரைசனோடு வரும் கிராஃபிக்ஸ் படிக்காது. என்விடியாவும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இந்த வசதியைக் கொண்டுவந்தது. அதனால் அந்த வகை ஃபைலை டைம்லைனில் ஓட்டும்போது, பொருத்தமான கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத 16 கோர் ரைசன் திணறும் இடத்தில் அதைவிட விலை குறைந்த கோர் அல்ட்ரா 5 இலகுவாக ஓட்டக்கூடும். ஆனால் இன்டெலில் பெயர் ‘எஃப்’ என்று முடியும் மாடல்களில் அந்த கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். வீடியோ வேலைக்கு வாங்குகிறவர்கள் அந்த ஓர் எழுத்தைப் பார்த்துத் தவிர்க்க வேண்டும். நாள் முழுவதும் முப்பரிமாண ரெண்டர் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் 9950எக்ஸா 285கேவா என்ற கேள்வி நேரான கேள்வி. ஏஐயில் படம் உருவாக்கப் போகிறேன் என்பவர்கள் ப்ராசஸரை விட்டுவிட்டு கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தைப் பார்க்க வேண்டும்.

‘இன்றைக்குத் தேவையில்லை, சரி, ஐந்து வருடம் கழித்து வேண்டியிருக்குமே’ என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஏஎம்டியின் 16 கோர் ப்ராசஸர் 2020-ல் 799 டாலருக்கு வந்தது. 2022-ல் அடுத்தது 699. 2024-ல் 649. ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகம், விலையோ குறைவு. 2020-ல் எதிர்காலத்துக்கு என்று 799 டாலர் கொடுத்தவருடைய ப்ராசஸர், ஒற்றைக் கோர் வேலையில் 2024-ன் 279 டாலர் ப்ராசஸரிடம் தோற்றுவிட்டது. நாளைய வேகத்தை இன்றைய விலைக்கு வாங்கி வைப்பது அநேகமாக நஷ்டக் கணக்கு. மாற்றிக்கொள்ளும் வழியை வாங்கி வைப்பது வேறு விஷயம். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது. 2027 வரையாவது அதற்கு ஆதரவு தொடரும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. அந்தச் சாக்கெட் உள்ள போர்டில் இன்று ஆறு கோர் வைத்து, தேவை வரும்போது பெரியதாக மாற்றிக்கொள்ளலாம். இன்டெல் தன் கோர் அல்ட்ரா 200 வரிசைக்குச் சாக்கெட்டையே மாற்றிவிட்டது; பழைய போர்டு அதற்கு உதவாது.

வெயிலையும் மின்சாரத்தையும் சேர்த்துப் பார்க்காமல் நம் ஊரில் எந்த ஒப்பீடும் முழுமையாகாது. விமர்சகர்களின் சோதனை அறை குளிர்ச்சியானது. சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரம் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அறை 15 டிகிரி கூடுதலாக இருந்தால், அதே கூலர், அதே பளுவில் ப்ராசஸரும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடுதலாகச் சுடும். 95 டிகிரியைத் தொட்டதும் ரைசன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முழுப் பளுவில் 285கே 250 வாட் வரை இழுக்கும்; 9600எக்ஸ் 90 வாட்டுக்குள் நின்றுவிடும். தினமும் எட்டு மணி நேரம் முழுப் பளுவில் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 75 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். டிசைன் வேலையில் அவ்வளவு ஓடாது, ரெண்டர் வேலையில் ஓடும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவே தாங்கும். பெரிய ப்ராசஸரோடு பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து இழுக்கும் நேரத்தில் கரண்ட் போனால் அது தாங்காது. சேமிக்காத வேலை போய்விடும்.

ஆகவே பட்டு டிசைன் போடுகிறவருக்கு என் பரிந்துரை: ஏஎம்5 போர்டில் ஓர் ஆறு கோர் ரைசன் 5, 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, நிறம் ஒழுங்காகக் காட்டும் மானிட்டர், ஒரு நல்ல யுபிஎஸ். வாங்கும் இடம் சென்னை ரிச்சி தெருவானாலும் காஞ்சிபுரத்துக் கடையானாலும், போகும்போது உங்களுடைய ஆகப்பெரிய டிசைன் ஃபைல் ஒன்றையும், கனமான ஸ்கேன் ஒன்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்டு, அங்கே இருக்கும் இரண்டு மெஷின்களில் அதைத் திறந்து, நீங்கள் தினமும் செய்கிற நாலு வேலையைச் செய்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் விலை கூடியதை வாங்குங்கள். தெரியவில்லை என்றால், எந்தப் பட்டியலில் எது முதலிடத்தில் இருந்தாலும், குறைந்ததை வாங்குங்கள். அடுத்த வாரம் மதர்போர்டு.

(தொடரும்)