786 நோட்டைப் படமெடுத்து அனுப்பும் முன்...

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என எந்த ஊரானாலும், வரிசை எண்ணில் 786 வரும் ரூபாய் நோட்டைப் பீரோவில் பத்திரப்படுத்தும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. பிஸ்மில்லாஹ்வின் அரபு எழுத்துகளை அப்ஜத் முறையில் கூட்டினால் வரும் எண் அது என்பதே காரணம். மார்க்கத்தில் இதற்குத் தனிச் சிறப்பில்லை என ஆலிம்கள் பலர் விளக்கியுள்ளனர். ஆனாலும், "லட்சக்கணக்கில் விலை போகும்" என்ற விளம்பரத்தை நம்பி நோட்டின் படத்தை முகமறியாதவருக்கு அனுப்புகிறோம்.

ஆபத்து இங்கேதான். அந்தப் படத்தைக் காட்டி, நோட்டு தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, அவர் வேறொருவரிடம் முன்பணம் வாங்கிவிடலாம்.

கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க ரூபாய் நோட்டிலேயே காந்தியடிகள் உருவம் வாட்டர்மார்க்காக இருக்கிறது. நாம் அனுப்பும் படத்துக்கும் ஓர் அடையாளம் வேண்டும். செல்போனில் படத்தை 'எடிட்' செய்து, நம் பெயரையும் தேதியையும் எழுதலாம். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். நோட்டின் குறுக்கே எழுத வேண்டும். எழுத்தை அழிக்கும் செயலிகளும் இருப்பதால், 786 தவிர்த்த மற்ற இலக்கங்களை மறைத்துவிடுவது நல்லது. எழுதாத அசல் படம் நம்மிடமே இருக்கட்டும்.

பழைய நோட்டு விற்பனைக்குத் தான் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. அதன் பெயரில் யாரேனும் கேட்டால் அது மோசடியே. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வோம்.