பாதி விலைக்கு வரும் பாயும் கார்! செலவு மட்டும் பாதி ஆவதில்லை

மதுரையில் இருந்து நெல்லைக்குப் போகிற நான்குவழிச் சாலை கோவில்பட்டியை ஒட்டிப் போகிறது. அந்தச் சாலையில் ஒரு கார் 'விர்'ரென்று முந்திப் போனால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தலை திரும்பாமல் இருக்காது.

'என்ன வண்டிடே அது?'

'லாரா ஆர்.எஸ்., அண்ணாச்சி. பத்து வருசத்துக்கு மேல ஓடுனது. புதுசா வித்த விலையில பாதிகூட இருக்காது இப்ப.'

பாதி விலை! இந்த ஒரு சொல்தான் பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது. புது வண்டி வாங்குகிற பணத்துக்குப் பழைய 'ராஜா வண்டி' கிடைக்கிறதே என்று மனசு துள்ளுகிறது.

விலை பாதி ஆவது உண்மைதான். ஆனால் பாதி ஆவது காரின் விலை மட்டும்தான். உதிரிபாகத்தின் விலை பாதி ஆவதில்லை. வரியும் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. விபத்து நடந்தால் வருகிற பொறுப்பு ஒரு பைசாகூடக் குறைவதில்லை!

காண்டசா முதல் ஆக்டேவியா வரை

இந்த ஆசை நேற்று முளைத்தது அல்ல. 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 'காண்டசா' காரைக் கொண்டு வந்தது. முதலில் அதில் இருந்தது அம்பாசிடர் எஞ்சின். பெரிய உடம்பு, சின்ன மூச்சு! பிறகு ஜப்பான் நாட்டு இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு அது வேறு வண்டி ஆகிவிட்டது. 2002-ல் காண்டசா உற்பத்தி நின்றது.

2004-ல் ஸ்கோடா கம்பெனி 'ஆக்டேவியா ஆர்.எஸ்.' காரை இந்தியாவில் இறக்கியது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். 150 குதிரை சக்தி. 2011-ல் 'லாரா ஆர்.எஸ்.' வந்தது. அதற்கு 160 குதிரை சக்தி.

2017-ல் வந்த ஆக்டேவியா ஆர்.எஸ். 230 குதிரை சக்தி கொண்டது. ஷோரூம் விலை 24 லட்சத்து 62 ஆயிரம். 2020-ல் 245 குதிரை சக்தியில் ஒன்று வந்தது. இந்தியாவுக்கு மொத்தமே 200 கார்கள். விலை 35 லட்சத்து 99 ஆயிரம். நின்ற இடத்தில் இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.6 வினாடி போதும்! 2025-ல் 265 குதிரை சக்தி வண்டி 100 மட்டும் விற்பனைக்கு வந்தது. விலை 49 லட்சத்து 99 ஆயிரம்.

எண்ணிக்கை குறைந்த புதிய வண்டிகள் லேசில் விலை இறங்காது. இறங்குவது பழைய லாராவும், ஆர்.எஸ். எழுத்து இல்லாத ஆக்டேவியா 1.8 டர்போவும்தான். கரிசல் காட்டு வாலிபர்களின் கண் விழுவதும் இவற்றின் மேல்தான்.

டர்போ என்றால் என்ன?

எஞ்சினில் எரிந்து வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே சுற்றில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் வேலையைச் செய்யும். இவ்வளவுதான் டர்போ.

அந்தச் சக்கரம் ஒரு நிமிஷத்தில் லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடியது. சூட்டைத் தாங்கிப் பிடிப்பது ஆயில்தான். கம்பெனி சொன்ன ரக ஆயிலை, சொன்ன நேரத்தில் மாற்ற வேண்டும். 'ஆயில்தானே, எதை ஊத்துனா என்ன?' என்று முந்தைய சொந்தக்காரர் நினைத்திருந்தால், அந்த மிச்சத்துக்கு வட்டி கட்டுவது புதிய சொந்தக்காரர்தான். வேகமாக ஓடி வந்த வண்டியை உடனே நிறுத்தி சாவியைத் திருப்பவும் கூடாது. ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.

லாராவில் இருந்த அந்தக் காலத்து 1.8 டர்போ எஞ்சின்களில் இரண்டு நோய் உண்டு. ஆயிலைக் குடிப்பது ஒன்று. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற பாகம் தளர்வது இன்னொன்று. செயின் நழுவினால் வால்வு வளைந்து எஞ்சினே காலி! காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, 'கடகட' சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம்.

கியர் பெட்டி உஷார்!

இந்த ரக கார்களில் பல 'டி.எஸ்.ஜி.' என்ற தானியங்கி கியர் பெட்டியோடு வந்தவை. இரண்டு கிளட்ச் கொண்ட பெட்டி. ஆக்டேவியா ஆர்.எஸ். 230-ல் உள்ள 6 கியர் பெட்டியில் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி இருக்கும். 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றினால் நன்றாக உழைக்கும்.

ஆக்டேவியா 1.8-ல் உள்ள 7 கியர் பெட்டி வேறு. அதில் கிளட்ச் ஆயில் இல்லாத காய்ந்த கிளட்ச். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். 2013-ல் சீனாவில் டி.எஸ்.ஜி. கோளாறுக்காக வோக்ஸ்வாகன் கம்பெனி 3 லட்சத்து 84 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்த சம்பவம் உலகம் முழுவதும் பேசப்பட்டது.

வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி: 'கிளட்ச் மாத்துனீங்களா? மெகட்ரானிக் மாத்துனீங்களா? பில் இருக்கா?' பில் இல்லை என்றால், இனிமேல்தான் செலவு இருக்கிறது என்று அர்த்தம். வழியில் படுத்துவிட்டால் முன்சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. தட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கோவில்பட்டியில் இருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர். அந்த வாடகையும் கணக்கில் சேர வேண்டும்!

கரிசல் மண் சும்மா விடாது

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் வீங்கும். வெயில் அடித்தால் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தார்ச் சாலையும் கூடவே ஏறி இறங்கும். நான்குவழிச் சாலையை விட்டுக் கிராமத்துப் பக்கம் திரும்பினால் சாலை அலை அலையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேக வண்டியின் டயர் பக்கவாட்டில் ஒல்லியானது. ஒரு பள்ளத்தில் 'டமார்' என்று விழுந்தால் டயர் வெடிக்கும், அலாய் சக்கரமும் வளையும். வண்டியின் உயரமும் குறைவு. ஊருக்கு ஊர் உள்ள வேகத்தடையில் அடிவயிறு உரசும்.

கோடையில் தூசி. காற்று பில்டரைப் புத்தகத்தில் சொன்ன காலத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சேறு. சக்கரத்தின் மேல் வளைவுக்குள் அப்பிக் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும்.

அறுவடைக் காலத்தில் உளுந்தையும் சோளத்தையும் சாலையிலேயே காயப்போடுவார்கள். உலர்ந்த தட்டை வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரைத் தொட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. இந்த நேரத்தில் இறங்கிக் குனிந்து பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பு வந்தது. இந்த வட்டாரத்தில் விளைகிற மக்காச்சோளமும் எத்தனாலுக்கு மூலப்பொருள்தான். சோளம் விற்கிறவருக்கு அது லாபம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருசத்துப் பழைய கார்கள் இந்தக் கலப்பை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டி வைப்பது நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களை மழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதே மாதம் சென்னையிலும் மிச்சாங் புயல் வெள்ளம். தண்ணீரில் கிடந்த வண்டி கழுவித் துடைத்தால் புதுசு மாதிரி மின்னும். உள்ளே இருக்கிற ஒயர்கள் மட்டும் மெதுவாகப் பச்சை பிடிக்கும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். கால்மிதியைத் தூக்கி மோந்து பார்க்கலாம். சீட்டுக்கு அடியில் உள்ள திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

மீட்டரைச் சுற்றிக் குறைத்திருக்கிறார்களா என்பதும் தெரியும். மீட்டரில் 40 ஆயிரம் என்று இருக்கும். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கும். மீட்டர் பொய் சொல்லலாம், மிதி சொல்லாது.

எஞ்சின் சக்தியை கம்ப்யூட்டர் மூலம் கூட்டியிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். 'ரீமேப்' என்பார்கள். கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. மறைத்து வாங்கினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக்கூடும்.

வரி எந்த விலைக்கு?

பெங்களூர், டெல்லி, புதுச்சேரி வண்டி என்றால் விலை இன்னும் குறையும். டெல்லியில் 15 வருசம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும், 10 வருசம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஆதரித்தது. அங்கே மதிப்பு இழந்த வண்டிகள் தெற்கே இறங்கிய கதை இதுதான்.

ஆனால் வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்த வரியை வாங்கிய விலைக்குப் போடமாட்டார்கள். வண்டி புதிதாக விற்ற விலையை வைத்து, வயதுக்கு ஏற்றபடி விகிதம் பார்த்துப் போடுவார்கள். 'டி.என். 96' என்று கோவில்பட்டி எண் மாட்டுவதற்குள், டெல்லியில் மிச்சமான பணம் கரைந்துவிடும்.

15 வருசம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5 ஆயிரம் ரூபாய் ஆனது.

புத்தகம் யார் பேரில்?

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, 'அப்புறம் பேர் மாத்திக்கலாம்' என்று சொல்வதுதான். 'முப்பதாம் நம்பர் பாரத்துல கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன் மாப்ள, நீ ஓட்டு' என்பார் புரோக்கர்.

ஒரு வழக்கைக் கேளுங்கள். வடநாட்டில் விஜயகுமார் என்பவர் 2007-ல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் மற்றொருவருக்கு. கடைசியில் அது நவீன்குமார் என்பவர் கைக்கு வந்தது. யாரும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு உயிர் போனது.

நஷ்டஈடு யார் கொடுப்பது? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018-ல் தீர்ப்பு வந்தது: புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே சொந்தக்காரர். அவரே கொடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு வண்டியை விற்றுக் காசு வாங்கிய விஜயகுமார் தலையில்தான் பொறுப்பு விழுந்தது!

சட்டம் சொல்வது இதுதான். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்கு 29-ம் நம்பர் பாரம். பெயர் மாற்றத்துக்கு 30-ம் நம்பர் பாரம். கடன் பாக்கி பதிவாகி இருந்தால் பாங்கிச் சான்றும் 35-ம் நம்பர் பாரமும் வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளில் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சொந்த வண்டி சேதத்துக்குக் காசு கிடைப்பது கஷ்டம்.

பழைய கார் வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் தேவை. அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்து, அதைப் பதிவும் செய்துவிட்டால், அன்றில் இருந்து அவர்தான் சொந்தக்காரராகக் கருதப்படுவார். விற்கிறவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு.

கையில் 10 லட்சம் இருந்தால்...

10 லட்சத்துக்கும் வண்டி வாங்கக்கூடாது. 7 லட்சத்துக்கு வாங்கி, 3 லட்சத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நாலு டயர், பிரேக், கிளட்ச், வரி, இன்சூரன்ஸ் என்று முதல் வருசத்திலேயே அது கேட்டு வரும். அந்த 3 லட்சம் இல்லாதவருக்கு அந்த வண்டி மலிவு அல்ல.

தீப்பெட்டி ஆபீசிலும் கடலைமிட்டாய்க் கடையிலும் பைசா பைசாவாக எண்ணிச் சேர்த்த பணம் இந்த ஊர்ப் பணம். அதை எடுத்து ஆசைப்பட்டு ஒரு வண்டி வாங்குவதில் தப்பே இல்லை. விலையைப் பேசி முடிக்கிற அன்றே பெயர் மாற்றப் பாரத்தையும் கையோடு எழுதிவிடட்டும். பெயர் மாறிய புத்தகம் கைக்கு வரட்டும். நான்குவழிச் சாலை எங்கேயும் ஓடிப் போய்விடாது!